துணைநூற்பட்டியலின் வரிசைச் சாவி

டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை எந்தக் கணினியில் நிறுவினாலும் 'பிளெயின்' என்றொரு சின்னக் கோப்பும் கூடவே வந்து இறங்கும். ஏறக்குறைய ஆயிரம் வரிகள். ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்களில் வரும் துணைநூற்பட்டியலில் ஆசிரியர் பெயரை எப்படி அச்சிடுவது, தலைப்பைச் சாய்வெழுத்தில் போடுவதா, எந்த நூலை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் தள்ளுவது என்பதையெல்லாம் அதுதான் தீர்மானிக்கிறது. 1985இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான கோப்பு அது. 1988க்குப் பிறகு அதில் சொல்லிக்கொள்ளும்படியான மாற்றம் எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் அதன் வழிவந்த கோப்புகள் இன்றும் உலகெங்கும் கணித, இயற்பியல், கணினி அறிவியல் கட்டுரைகளின் கடைசிப் பக்கங்களை ஒழுங்குசெய்துகொண்டிருக்கின்றன.

நூற்பட்டியலை வரிசைப்படுத்துவது வெறும் எழுத்தர் வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒருவரை எந்தப் பெயரால் அறிகிறோம், ஒரு பழைய நூலை அதன் பெயரில் தேடுவோமா பதிப்பித்தவர் பெயரில் தேடுவோமா, ஒரு மொழியின் எழுத்துகளுக்குள் எது முந்தையது என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்ன பிறகுதான் வரிசை பிறக்கும். அந்தப் பதில்களைச் சுமந்துகொண்டு நாற்பது ஆண்டுகளாகக் கைமாறி வந்திருக்கும் கோப்பு என்பதால்தான் அதன் கதையைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

கதை சற்று முன்னாலேயே தொடங்குகிறது. டொனால்ட் க்னூத் எழுதிய 'கணினி நிரலாக்கக் கலை'யின் இரண்டாம் தொகுதி இரண்டாம் பதிப்புக்காக மறுபடி அச்சுக்கோக்கப்பட்டபோது, அதன் மெய்ப்புகள் 1977இல் அவர் கைக்கு வந்தன. உலோக எழுத்துகள் போய் ஒளியச்சுக்கோப்பு வந்த காலம் அது. மெய்ப்பைப் பார்த்த க்னூத்துக்கு மனம் ஒப்பவில்லை. கணிதத்தை அழகாக அச்சிடும் மென்பொருளைத் தானே எழுதுவது என்று இறங்கினார். அப்படிப் பிறந்தது டெக். அதன் மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980களின் முற்பாதியில் கட்டியதுதான் லேடெக். எழுதுகிறவர் 'இது தலைப்பு', 'இது தேற்றம்', 'இது மேற்கோள்' என்று பொருளைச் சொன்னால் போதும்; தோற்றத்தை வேறொரு கோப்பு பார்த்துக்கொள்ளும் என்பது லாம்போர்ட்டின் கொள்கை.

நூற்பட்டியலுக்கு இந்தக் கொள்கை எவ்வளவு பொருத்தமானது என்பதை வேறு சிலர் முன்பே கண்டிருந்தார்கள். பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க் 1970களின் இறுதியில் 'ரெஃபர்' என்ற கருவியை உருவாக்கினார். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிரையன் ரீட் எழுதிய 'ஸ்கிரைப்' இன்னும் ஒரு படி மேலே போனது. நூல் விவரங்களைத் தனியொரு தரவுக் கோப்பில் 'ஆசிரியர்', 'தலைப்பு', 'ஆண்டு' என்று புலம் புலமாகப் பிரித்து ஒருமுறை எழுதிவைத்தால், எந்த இதழின் பாணியிலும் பட்டியலை அச்சிட்டுக்கொள்ளலாம். ஸ்டான்ஃபோர்டு மாணவரான ஓரென் பட்டாஷ்னிக் லேடெக்குக்காகப் பிப்டெக் என்ற நூற்பட்டியல் மென்பொருளை எழுதியபோது, ஸ்கிரைப் பயனர்களின் தரவுக் கோப்புகளும் கூடியவரை செல்லுபடியாக வேண்டும் என்பதற்காக அந்த வடிவத்தையே ஒட்டி அமைத்தார். பிளெயின் போன்ற பாணிக் கோப்புகளின் முதல் வடிவங்களை எழுதியவர் ஹோவர்ட் டிரிக்கி. பிளெயினுடன் உடன்பிறந்தவை மூன்று: மேற்கோள் வந்த வரிசையிலேயே பட்டியலிடும் 'அன்ஸார்ட்', ஆசிரியர் பெயரின் முதல் மூன்று எழுத்தையும் ஆண்டையும் சேர்த்து அடையாளக்குறி போடும் 'ஆல்ஃபா', முதற்பெயர்களை முன்னெழுத்தாகச் சுருக்கும் 'அப்ரீவ்'.

வேலை நடக்கும் விதம் இது. எழுதுகிறவர் கட்டுரையில் நூலைக் குறிப்பிட வேண்டிய இடத்தில் ஓர் அடையாளச்சொல்லை மட்டும் இடுகிறார். லேடெக் முதல்முறை ஓடும்போது அந்தச் சொற்களையெல்லாம் ஒரு துணைக்கோப்பில் குறித்து வைக்கிறது. பிப்டெக் அந்தத் துணைக்கோப்பையும் தரவுக் கோப்பையும் பாணிக் கோப்பையும் சேர்த்துப் படித்து, வரிசைப்படுத்திய பட்டியலை நான்காவதாக ஒரு கோப்பில் எழுதித் தருகிறது. லேடெக்கை மேலும் இரண்டு முறை ஓட்டினால் பட்டியலும் எண்களும் உரிய இடத்தில் வந்து உட்காரும்.

பாணிக் கோப்பு என்பது வெறும் விருப்பத்தேர்வுகளின் தொகுப்பல்ல, முழுமையான ஒரு நிரல். பட்டாஷ்னிக் அதற்கென்றே ஒரு குட்டி நிரல்மொழியை வகுத்தார். 10 கட்டளைகள், 37 உள்ளமைந்த செயல்கள், அவ்வளவுதான். மதிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு, அவற்றை என்ன செய்வது என்பதைக் கடைசியில் சொல்லும் மொழி அது. முதலில் பெயர், பிறகு ஆண்டு, அப்புறம் 'சேர்'. இதைப் பார்த்து மிரண்டுபோன நிரலாளர்கள் பலர். தமிழில் யோசிக்கிறவருக்கு அவ்வளவு மிரட்சி தேவையில்லை. எழுவாயும் செயப்படுபொருளும் வந்தபின் வினைமுற்று வருவது நமக்குப் பழக்கமான நடைதான்.

இந்த நிரலின் உயிர்நாடி 'ஸார்ட் கீ' எனப்படும் வரிசைச் சாவி. பிப்டெக் நூல்களை நேரடியாக ஒப்பிடுவதே இல்லை. ஒவ்வொரு நூலுக்கும் ஒரு நீண்ட எழுத்துச் சரத்தைத் தயாரித்து, அந்தச் சரங்களைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிடுகிறது. பிளெயின் கோப்பில் அந்தச் சரம் ஆசிரியர் பெயர், ஆண்டு, தலைப்பு என்ற வரிசையில் அமையும். பெயரில் குடும்பப்பெயர் முன்னால் வரும். எல்லாம் சிற்றெழுத்தாக மாற்றப்படும், நிறுத்தக்குறிகள் நீக்கப்படும், தலைப்பின் தொடக்கத்தில் ஆங்கிலச் சுட்டுச்சொற்களான 'த', 'அ', 'அன்' இருந்தால் வெட்டப்படும். அச்சில் வாசகர் பார்ப்பது ஒன்று, வரிசைக்கு இயந்திரம் பார்ப்பது இன்னொன்று. பிப்டெக்கின் வலிமை முழுவதும் இந்தப் பிரிவினையில்தான் இருக்கிறது; அதன் சிக்கல்களும் அங்கிருந்தே புறப்படுகின்றன.

க்னூத் 1984இல் வெளியிட்ட இரண்டு படைப்புகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று, டெக் பற்றிய அவருடைய நூலான 'த டெக்புக்'. மற்றது 'கம்ப்யூட்டர் ஜர்னல்' இதழில் வந்த 'லிட்டரேட் புரோகிராமிங்' என்ற கட்டுரை. ஆசிரியர் ஒருவரே, ஆண்டும் ஒன்றே. ஆகவே தலைப்புதான் வரிசையை முடிவுசெய்யும். 'த' வெட்டுப்பட்டபின் மிஞ்சுவது 'டெக்புக்'. ஆங்கில அகரவரிசையில் டி என்பது எல்லுக்குப் பின்னால் வருவதால் கட்டுரைதான் முதலில் வரவேண்டும். ஆனால் டெக் என்ற சொல்லை அதற்கே உரிய வடிவத்தில், நடு எழுத்து சற்றுத் தாழ்ந்து நிற்கும்படி அச்சிட வேண்டும் என்பதால், தரவுக் கோப்பில் அதை அடைப்புக்குள் ஒரு கட்டளையாக எழுதுவது வழக்கம். சாவியைச் சுத்தம்செய்யும் செயல் இப்படிப்பட்ட கட்டளைகளின் பெயரை அடியோடு நீக்கிவிடுகிறது. மிஞ்சுவது வெறும் 'புக்'. பி எழுத்தோ எல்லுக்கு முன்னால் இருப்பது. நூல் கட்டுரைக்கு மேலே ஏறிவிடுகிறது. பட்டியலைப் படிக்கிறவர் கண்ணுக்கு இது காரணமில்லாத தவறாகத் தெரியும். காரணம் சாவிக்குள் ஒளிந்திருக்கிறது.

இதே இயல்பைப் பட்டாஷ்னிக் ஒரு வசதியாகவும் பயன்படுத்திக் காட்டினார். கட்டளையின் பெயர் சாவியிலிருந்து நீங்கினாலும், அதற்குள் எழுதிய சொல் சாவியில் தங்கிவிடும். அப்படியானால், அச்சில் எதையும் காட்டாத ஒரு கட்டளையை வகுத்து அதற்குள் எதையாவது எழுதினால், அது வாசகருக்குத் தெரியாது, வரிசைக்கு மட்டும் தெரியும். 'நூப்ஸார்ட்' என்ற அந்தக் கட்டளையைப் பிப்டெக்குடன் வந்த மாதிரித் தரவுக் கோப்பிலேயே பார்க்கலாம். அதிலுள்ள எடுத்துக்காட்டு மறுபடியும் க்னூத்தின் நூல்தான். 'கணினி நிரலாக்கக் கலை'யின் முதல் தொகுதி இரண்டாம் பதிப்பு 1973இல் வந்தது. இரண்டாம் தொகுதியின் இரண்டாம் பதிப்பு 1981இல் வந்தது. மூன்றாம் தொகுதி 1973. ஆண்டின்படி அடுக்கினால் ஒன்று, மூன்று, இரண்டு என்று தொகுதிகள் இடம்மாறி நிற்கும். ஆண்டுப் புலத்துக்குள் மூன்றுக்கும் 1973 என்றே மறைவாக எழுதி, கூடவே ஆங்கில எழுத்துகளை வரிசையாகச் சேர்த்துவிட்டால் தொகுதிகள் ஒழுங்காக நிற்கும். அச்சில் 1981 என்ற உண்மை ஆண்டும் அப்படியே இருக்கும். இவ்வளவு சிறிய உபாயத்தால் இவ்வளவு பெரிய சிக்கல் தீர்ந்ததை இன்றைக்கும் நான் வியந்து பார்க்கிறேன்.

பெயர்களின் சிக்கல் இதைவிட ஆழமானது. பிப்டெக் ஒரு பெயரை நான்கு துண்டுகளாகப் பிரிக்கும்: முதற்பெயர், 'வான்', 'டி' போன்ற இடைநிலைகள், குடும்பப்பெயர், 'ஜூனியர்' போன்ற பின்னொட்டு. காற்புள்ளி இல்லாவிட்டால் கடைசிச் சொல்லே குடும்பப்பெயர். டேனியக் கணினி அறிஞர் பேர் பிரிஞ்ச் ஹான்சனுக்கு 'பிரிஞ்ச் ஹான்சன்' என்பது முழுவதும் குடும்பப்பெயர். அதைச் சொல்லாமல் விட்டால் அவர் ஹான்சன்களோடு போய்ச் சேர்ந்துவிடுவார். 'பிரிஞ்ச் ஹான்சன், பேர்' என்று காற்புள்ளி போட்டு எழுத வேண்டும். இயற்கணித நூலால் புகழ்பெற்ற வான் டெர் வார்டன் நெதர்லாந்துக்காரர். அவருடைய நாட்டு வழக்கப்படி அவரை வார்டன் என்ற இடத்தில் தேட வேண்டும். பக்கத்திலுள்ள பெல்ஜியத்தில் டச்சு பேசுகிறவர்கள் 'வான்' என்பதிலிருந்தே அகரவரிசையைத் தொடங்குவார்கள். பிளெயின் கோப்பு எல்லோரையும் 'வான்' என்ற இடத்திலேயே வைத்துவிடும். எழுத்து ஒன்றுதான், பேசும் மொழியும் ஒன்றுதான், ஆனாலும் எல்லைக்கு இப்பால் ஒரு வரிசை, அப்பால் வேறு வரிசை.

தமிழ்ப் பெயர்கள் இந்த விதிக்குள் எப்படி நுழைந்தன என்பது தனியே கவனிக்க வேண்டியது. நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தந்தை பெயரோ ஊர்ப் பெயரோ முன்னெழுத்தாக முன்னால் நிற்கும், சொந்தப் பெயர் கடைசியில் வரும். அதனால் ஸ்ரீனிவாச ராமானுஜனை ஆங்கிலத்தில் எழுதினாலும் பிப்டெக் 'ராமானுஜன்' என்ற இடத்தில் வைக்கிறது. சுப்பிரமணியன் சந்திரசேகர் 'சந்திரசேகர்' என்ற இடத்துக்கும், சி. வி. ராமன் 'ராமன்' என்ற இடத்துக்கும் போகிறார்கள். மூன்றும் அவரவர் சொந்தப் பெயர்களே. குடும்பப்பெயரைத் தேடும் விதி நம்மவர்களின் சொந்தப் பெயரைச் சரியாகப் பிடித்துவிடுகிறது. விதி பொருந்தாத இடம் வேறு. சுந்தர ராமசாமியை அது 'ராமசாமி' என்று ரகர வரிசைக்கு அனுப்பிவிடும். தமிழ் வாசகர் அவரைச் சகர வரிசையில்தான் தேடுவார். பெயர் முழுவதையும் இன்னோர் அடைப்புக்குள் இட்டு, 'இதைப் பிரிக்காதே' என்று சொல்வதுதான் அதற்கு வழி.

1988 பிப்ரவரியில் பிப்டெக் பயன்பாட்டுக் கையேடும், பாணிக் கோப்புகளை எழுதுவதற்கான வழிகாட்டியும் வந்தன. அப்போது பதிப்பு எண் 0.99. அடுத்த படியாக 1.0 வரும் என்று சொல்லப்பட்டது; அது வரவில்லை. 2003இல் ஹவாயில் நடந்த டெக் பயனர் குழு மாநாட்டில் பிப்டெக்கின் நேற்று, இன்று, நாளை பற்றிப் பட்டாஷ்னிக் பேசினார். 2010இல் ஒரு சிறு திருத்தம் வந்தது. நீளமான இணைய முகவரிகளைக் கண்ட இடத்தில் ஒடித்துப்போடும் பழைய வழக்கத்தை அது நிறுத்தியது. மற்றபடி மென்பொருள் 1988இல் நின்ற இடத்திலேயே நின்றது.

மென்பொருள் நின்றாலும் பாணிக் கோப்பு பயணம் போனது. அதற்குக் காரணம் பிளெயின் கோப்பின் தலைப்பகுதியில் எழுதியிருக்கும் அனுமதி. யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்கும் தரலாம். ஆனால் மாற்றியதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும். உலகில் எங்கே 'பிளெயின்' என்ற பெயரைக் கண்டாலும் அது ஒரே கோப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பது நோக்கம். மூலத்தைக் காப்பதற்கும் மாற்றத்தை அனுமதிப்பதற்கும் இவ்வளவு எளிய ஏற்பாட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அமெரிக்கக் கணிதக் கழகம் தனக்கொன்று செய்துகொண்டது. மின்பொறியாளர்களின் இதழ்களுக்கு ஒன்று, 'ஃபிசிக்கல் ரிவ்யூ' இதழ்களுக்கு ஒன்று என்று வம்சம் பெருகியது. அந்த வம்சம் சென்னைக்கும் வந்தது. வெளிநாட்டுப் பதிப்பகங்களின் ஆய்விதழ்களுக்கு அச்சுக்கோப்பு வேலை செய்துதரும் நிறுவனங்கள் இங்கே பல உண்டு. ஒரே கட்டுரையின் மேற்கோள்களை ஓர் இதழின் பாணியிலிருந்து இன்னோர் இதழின் பாணிக்கு மாற்றுவது அங்கே அன்றாட வேலை. காற்புள்ளி எங்கே, ஆண்டு அடைப்புக்குள்ளா வெளியேவா, இதழின் தொகுதி எண் தடித்த எழுத்திலா என்று அவர்கள் படும் பாட்டில் பாதியைக் குறைப்பது சரியாக எழுதிய ஒரு பாணிக் கோப்புதான்.

ஆனால் எல்லோராலும் அந்தக் குட்டி நிரல்மொழியைக் கற்றுக்கொள்ள முடியாது. ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் பணியாற்றிய பேட்ரிக் டேலி 1990களில் அதற்கு ஒரு வழி செய்தார். அவருடைய 'மேக்பிஎஸ்டி' திரையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்வி கேட்கும். எண்ணா, ஆசிரியர்–ஆண்டா? பெயரை முழுதாக எழுதுவதா, சுருக்குவதா? எத்தனை ஆசிரியர்களுக்குப் பிறகு 'மற்றும் பிறர்'? பதில்களைச் சேர்த்து ஒரு புதிய பாணிக் கோப்பை அதுவே எழுதித் தந்துவிடும். கேள்விகளில் ஒன்று, 'வான்' போன்ற இடைநிலையைச் சேர்த்து வரிசைப்படுத்துவதா விட்டுவிட்டா என்பது. நிரல் தெரியாத ஒரு டச்சுக்காரரும் தன் நாட்டு வரிசையைத் தானே தேர்ந்துகொள்ளும் நிலை அப்போதுதான் வந்தது. கேள்விகள் நிறைய; பதில் சொல்லி முடிப்பதற்குள் பொறுமை போய்விடும் என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். நூற்பட்டியலில் இத்தனை முடிவுகள் ஒளிந்திருக்கின்றன என்பதை அந்தக் கேள்விகளைப் போலத் தெளிவாக எந்தப் பாடநூலும் எனக்குச் சொன்னதில்லை.

கேள்வி கேட்டும் தீராத ஒன்று எழுத்துகளின் வரிசை. பிப்டெக் ஆங்கில எழுத்துகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. ஸ்வீடன் நாட்டு அகரவரிசையில் புள்ளி வைத்த ஓ கடைசி எழுத்து. ஜெர்மன் அகராதியில் அதே எழுத்து சாதாரண ஓவோடு சேர்ந்து நிற்கும். எட்டு பிட் எழுத்துகளுக்காக வந்த 'பிப்டெக்8', ஒவ்வொரு மொழிக்கும் தனியே வரிசைக் கோப்பு வைத்து இதை ஓரளவு சமாளித்தது. உண்மையான மாற்றம் 2006இல் பிலிப் லேமன் வெளியிட்ட 'பிப்லேடெக்' தொகுப்போடு தொடங்கியது. பட்டியலின் தோற்றத்தைப் பாணிக் கோப்பின் அடுக்குமொழியிலிருந்து எடுத்து லேடெக்கின் சொந்தக் கட்டளைகளுக்கே அவர் மாற்றினார். வரிசைப்படுத்தும் வேலையை ஃபிரான்சுவா ஷாரெட் தொடங்கி, பிலிப் கைம் வளர்த்தெடுத்த 'பீபர்' ஏற்றுக்கொண்டது. பீபர் யூனிகோடு வகுத்த ஒப்பீட்டு விதிகளின்படி, மொழிக்கு மொழி மாறும் வரிசையைப் பின்பற்றுகிறது.

வரிசைச் சாவி இப்போது ஒரே சரமாக இல்லாமல் படிப்படியாக எழுதப்படுகிறது. முதல் படியில் எந்தப் புலம், அது இல்லாவிட்டால் எது, இரண்டாம் படியில் எது, ஏறுவரிசையா இறங்குவரிசையா என்று பயனரே வகுத்துக்கொள்ளலாம். தன் படைப்புகளில் புதியதை மேலே வைத்துப் பட்டியலிட விரும்பும் பேராசிரியருக்கு ஆண்டை இறங்குவரிசையாக மாற்றும் ஒரு சொல் போதும். எல்லாவற்றுக்கும் முன்னால் 'பிரீஸார்ட்' என்றொரு படி உண்டு. யாரும் எதுவும் சொல்லாவிட்டால் ஒவ்வொரு நூலுக்கும் அதன் மதிப்பு இரண்டு எம். ஆங்கில எழுத்துகளின் நடுவே இருப்பது எம். ஒரு நூலுக்கு மட்டும் இரண்டு ஏ கொடுத்தால் அது பட்டியலின் தலைக்குப் போகும். இரண்டு இசட் கொடுத்தால் காலுக்குப் போகும். ஒருகாலத்தில் நூப்ஸார்டுக்குள் மறைத்து எழுதியதை இன்று வரிசைக்கென்றே ஒதுக்கிய பெயர், தலைப்பு, ஆண்டுப் புலங்களில் வெளிப்படையாக எழுதலாம்.

தமிழுக்கு இதனால் என்ன கிடைத்தது என்று பார்க்க, பழைய பிப்டெக்கில் தமிழ் நூல்களைப் போட்டால் என்ன நடக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். அது எழுத்துகளை அறியாது, பைட்டுகளை மட்டுமே அறியும். யூனிகோடு எண் எது சிறியதோ அது முன்னால் வரும். யூனிகோடில் தமிழ் எழுத்துகளின் இடவமைப்பு, இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக 1988இல் வகுக்கப்பட்ட இஸ்கி குறிமுறையைத் தழுவியது. தேவநாகரியின் எழுத்துகளுக்கு நேராகத் தமிழ் எழுத்துகளை அமர்த்தியதால் னகரம் நகரத்தின் பக்கத்திலும், றகரம் ரகரத்தின் பக்கத்திலும், ழகரமும் ளகரமும் வகரத்துக்கு முன்னாலும் வந்துவிட்டன. ஆகவே 'களவு' என்று தொடங்கும் தலைப்பு 'கவிதை'க்கு முன்னால் வரும். 'கற்பு' வந்த பிறகுதான் 'கலை' வரும். 'கபிலர்' இருக்க வேண்டிய இடத்தில் 'கனி' ஏறி நிற்கும். புள்ளியின் எண் உயிர்மெய்க் குறிகளின் எண்களைவிடப் பெரியது; அதனால் அகராதியில் 'கணித'த்துக்கு முந்தி வரும் 'கண்ணகி' இங்கே பின்னால் போய்விடுகிறாள். 

இன்னும் நுட்பமான தொல்லை ஒன்று உண்டு. 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம்; ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பைட்டைப் பார்க்கும் இயந்திரத்துக்கு இரண்டும் வேறு. இரண்டு குறியாக எழுதிய 'கொற்றவை', ஒற்றைக்கொம்பின் எண் சிறியது என்பதால் 'கைலாசபதி'க்கு முன்னால் போய்விடும். 'அப்ரீவ்' பாணியில் முதற்பெயரைச் சுருக்கச் சொன்னால் நிலைமை இன்னும் மோசம். மூன்று பைட்டுகளால் ஆன ஒரு தமிழெழுத்தின் முதல் பைட்டை மட்டும் வெட்டி எடுத்து ஒரு புள்ளி வைக்கும். அச்சில் எழுத்தே இராது.

பீபரில் வரிசை மொழி தமிழ் என்று ஓரிடத்தில் குறிப்பிட்டால் மெய்யெழுத்துகள் க, ங, ச, ஞ என்று தொடங்கி ற, ன என்று முடியும் நம் வரிசையில் நிற்கின்றன. புள்ளி பெற்ற எழுத்து அகரமேறிய எழுத்துக்கு முன்னால் வருகிறது. இரண்டு விதமாக எழுதிய ஒகரமும் ஒன்றாகவே எண்ணப்படுகிறது. தமிழ் எழுத்துருவை ஒழுங்காக அச்சிடும் ஸீடெக், லுவாடெக் இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழில் ஆய்வேடு எழுதும் மாணவர் பட்டியலைக் கையால் வரிசைப்படுத்தி, கடைசி நேரத்தில் நெறியாளர் ஒரு நூலைச் சேர்க்கச் சொன்னதும் எண்களையெல்லாம் அழித்து மறுபடி எழுத வேண்டிய அவசியம் இனி இல்லை. இதை எத்தனை தமிழ்த்துறைகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆனால் கருவி வந்தாலும் முடிவு நம்முடையது. உ. வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாடியவர் பலர் என்பதால் ஆசிரியர் புலம் காலி. பதிப்பாசிரியர் புலத்தில் ஐயர் பெயர். பிளெயின் ஆசிரியரைத் தேடும், இல்லை என்றதும் பதிப்பாசிரியரை எடுத்துக்கொள்ளும். புறநானூறு சகர வரிசையில், 'சாமிநாதையர்' என்ற இடத்துக்குப் போகும். அவர் பதிப்பித்த குறுந்தொகை, பதிற்றுப்பத்து எல்லாம் அங்கேயே குவியும். பதிப்பு வரலாற்றை ஆராய்கிறவருக்கு இது மிகவும் பொருத்தமான வரிசை. ஒரே பதிப்பாசிரியரின் உழைப்பு ஒரே இடத்தில் தெரியும். சங்கப் பாடல்களை ஆராய்கிறவருக்கோ புறநானூறு பகர வரிசையில் இருந்தால்தான் பயன். பிப்லேடெக்கில் வரிசைக்குப் பதிப்பாசிரியரைக் கணக்கில் எடுக்காதே என்று ஒரே ஓர் அமைப்பில் சொல்லிவிடலாம். நூல் தன் பெயரின் இடத்துக்கு வந்துவிடும். எது சரி என்று மென்பொருளைக் கேட்க முடியாது. ஆய்வு எதைப் பற்றியதோ அதுதான் பதில் சொல்லும்.

தமிழ் ஆய்வேடுகளில் முதன்மை நூல்கள், துணைமை நூல்கள் என்றும், தமிழ் நூல்கள், ஆங்கில நூல்கள் என்றும் பட்டியலைப் பிரிப்பது நெடுநாள் வழக்கம். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு குறிச்சொல்லை எழுதிவைத்தால் பிப்லேடெக் அப்படியே தனித்தனிப் பட்டியல்களாக, ஒவ்வொன்றுக்கும் தனி வரிசைவிதியோடு அச்சிட்டுவிடும். சங்க நூல்களின் பட்டியலைத் தலைப்பால் வரிசைப்படுத்தலாம், திறனாய்வு நூல்களை ஆசிரியர் பெயரால் வரிசைப்படுத்தலாம். இரண்டும் ஒரே தரவுக் கோப்பிலிருந்து பிறக்கும்.

கிரந்த எழுத்துகளில்தான் இன்னும் நமக்குள் ஒருமித்த வழக்கம் இல்லை. ஜெயகாந்தனை எங்கே வைப்பது? யூனிகோடு எண் வரிசையில் ஜகரம் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில் இருக்கிறது. யூனிகோடின் ஒப்பீட்டு விதி அதை னகரத்துக்கும் அப்பால், கடைசிக்குக் கொண்டுபோகிறது. சகரத்தோடு சேர்த்துத் தேடுகிறவர்களும் உண்டு. அவர்கள் வரிசைக்கான பெயர்ப் புலத்தில் 'செயகாந்தன்' என்று எழுதிவைத்தால், அச்சில் ஜெயகாந்தன் என்றே இருந்தபடி பெயர் சகர வரிசையில் போய் நிற்கும். கடைசியில் வைப்பதே நல்லது என்பது என் கருத்து. நம் பல்கலைக்கழகங்களின் ஆய்வேட்டு விதிமுறைகள் பக்க ஓரத்தின் அளவையும் வரிகளுக்கு நடுவே விடவேண்டிய இடைவெளியையும் விளக்கமாகச் சொல்கின்றன. அவற்றோடு கிரந்த எழுத்துக்கு ஒரு வரி, முன்னெழுத்துக்கு ஒரு வரி, ஆசிரியர் பெயரில்லாத பழைய நூலுக்கு ஒரு வரி சேர்த்தால் ஒரு தமிழ்ப் பாணிக் கோப்பை எழுதத் தொடங்கிவிடலாம்.